துன்பியல் நாடகத்தில் 'குறை' கண்டுபிடித்தால் போதுமா?

பிப்ரவரி 3

வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார்: "தேர்வுக்காக ஆங்கில இலக்கியத்தைத் திருப்பிப் படிக்கிறேன். துன்பியல் நாயகன் ஒவ்வொருவனுக்கும் ஒரு குணக்குறை இருக்கும். மக்பெத்துக்குப் பேராசை, ஒதெல்லோவுக்குச் சந்தேகம், ஹாம்லெட்டுக்குத் தயக்கம், லியருக்கு அகந்தை. அதைப் பிடித்துவிட்டால் நாடகம் முழுதும் கைக்குள் வந்துவிடும். அணிகளுக்கு ஒரு பட்டியல், நாவல்களுக்குக் குறியீட்டுப் பட்டியல் ஒன்று. இதற்கு மேல் என்ன வேண்டும்?"

நாடகமே இந்தப் பட்டியலில் இல்லையே. மக்பெத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். பேராசை அவனுக்கு மட்டுமா? நீ அரசனாவாய் என்று மக்பெத்துக்குச் சொன்ன சூனியக்காரிகளிடம் அவன் தோழன் பாங்கோவும் அதே இடத்தில் வாக்குக் கேட்கிறான். உன் வம்சம் அரசாளும் என்று அவனுக்கும் சொல்கிறார்கள். மூன்றாம் அங்கத்தின் தொடக்கத்தில் தனியாக நின்று, அவர்கள் சொன்னது மக்பெத்துக்குப் பலித்ததே, எனக்கும் பலிக்காதா என்று பேசுகிறான். ஆனால் அவன் யாரையும் கொல்லவில்லை. ஆக, பேராசை என்ற ஒரு சொல் இந்த இருவரையும் பிரித்துக் காட்டாது.

இன்னொன்று. முதல் அங்கம் ஏழாம் காட்சியில், அரசன் டங்கனைக் கொல்லலாமா என்று மக்பெத்தே உட்கார்ந்து கணக்குப் பார்க்கிறான். டங்கன் என் உறவினன், என் அரசன், இன்று என் வீட்டு விருந்தாளி, நல்லவன் வேறு. என்னைத் தூண்டுவது ஒன்றே ஒன்றுதான், துள்ளி ஏறப் போய் மறுபக்கம் விழுகிற பேராசை. இதைச் சொல்கிறவன் அவனேதான்! 'இனி இதில் மேலே போக வேண்டாம்' என்று மனைவியிடம் முடிவையும் அறிவித்துவிடுகிறான். நீங்கள் விடை என்று எழுதி வைத்திருப்பது முதல் அங்கத்திலேயே நாயகன் வாயால் வந்துவிட்டது. அதற்குப் பிறகும் நான்கு அங்கங்கள் இருக்கின்றன. இத்தனை தெளிவாகத் தெரிந்தவன் எப்படி அந்தக் கத்தியை எடுத்தான்? திருப்பிப் படிக்க வேண்டியது அதைத்தான்.

பிப்ரவரி 3, இரவு

"இந்தக் குணக்குறை அரிஸ்டாட்டில் சொன்னதுதானே?" என்று பதில் வந்திருக்கிறது. வகுப்பில் என் காதிலும் அடிக்கடி விழுகிற கேள்வி இது.

'கவிதையியல்' கி.மு. நான்காம் நூற்றாண்டு நூல். அதில் துன்பியலின் உயிர் என்று அவர் சொல்வது கதைப்பின்னலை. குணச்சித்திரம் இரண்டாம் இடத்தில்தான் வருகிறது. பதின்மூன்றாம் பகுதியில் ஹமார்டியா வருகிறது. பெரிய நல்லவனும் இல்லாமல், கொடியவனும் இல்லாமல், நடுவில் நிற்கும் ஒருவன் ஏதோ ஒரு பிழையால் வீழ்கிறான் என்கிறார். அது மனிதனுக்குள் நிரந்தரமாக உட்கார்ந்திருக்கும் ஒரு குணமாக இருந்தே தீர வேண்டும் என்று அங்கே இல்லை. செய்கிற ஒரு செயலாகவும் இருக்கலாம், தெரியாமல் செய்ததாகவும் இருக்கலாம்.

சோபக்ளிஸின் கிரேக்க நாடகத்தில் வரும் ஈடிபஸை நினைத்துப் பாருங்கள். தந்தையைக் கொல்வாய், தாயை மணப்பாய் என்று வாக்குக் கேட்டவன், வளர்த்தவர்களைப் பெற்றவர்கள் என்று நம்பி, அவர்களுக்குத் தீங்கு வரக் கூடாது என்று கொரிந்தை விட்டே ஓடுகிறான். அந்த ஓட்டம்தான் அவனைப் பெற்ற தந்தையின் வழியில் கொண்டுபோய் நிறுத்துகிறது. கோபக்காரன், அவசரக்காரன், எல்லாம் சரி. ஆனால் ஓடியதற்குக் காரணம் அன்பும் பயமும். 'அகந்தை' என்று ஒரு கட்டத்தில் எழுதிவிட்டால் இதெல்லாம் காணாமல் போகிறது.

அரிஸ்டாட்டில் மெச்சும் திருப்பமும் இதே நாடகத்தில்தான் இருக்கிறது. கொரிந்திலிருந்து வரும் தூதன் நல்ல செய்தி சொல்லவே வருகிறான். தாயைப் பற்றிய பயம் உனக்கு வேண்டாம், அவள் உன்னைப் பெற்றவளே அல்ல என்று தைரியம் சொல்கிறான். அந்த ஆறுதல்தான் எல்லாவற்றையும் உடைக்கிறது. நிலைமை தலைகீழாவதும் உண்மை தெரிய வருவதும் ஒரே மூச்சில் நடக்கின்றன. பெரிபெடியா, அனக்னோரிசிஸ் என்று இரண்டு சொற்களைத் தனித்தனியாக மனப்பாடம் செய்பவர்கள், இந்த ஒரு தூதன் வரும் காட்சியை இரண்டு முறை வாசித்தால் இரண்டும் தானாக நிற்கும்.

இடையில் ஒன்று: செயல், காலம், இடம் என்ற 'மூன்று ஒருமைகள்' அரிஸ்டாட்டில் விதித்தவை என்று எழுதாதீர்கள். அவர் வற்புறுத்துவது செயலின் ஒருமையை மட்டும். கதை சூரியனின் ஒரு சுற்றுக்குள் அடங்கப் பார்க்கும் என்று காலத்தைப் பற்றி ஒரு வரி உண்டு. இடத்தைப் பற்றி விதியே இல்லை. மூன்றையும் சேர்த்துச் சட்டமாக்கியவர் 1570-இல் அவருக்கு உரை எழுதிய இத்தாலியர் காஸ்டெல்வெத்ரோ.

பிப்ரவரி 5

ரோமியோ ஜூலியட்டை யாரும் இன்னும் தொடவில்லை. குறைப் பட்டியல் முற்றிலும் கைவிடுகிற நாடகம் அது. அவசரம் என்று எழுதுவார்கள். அவசரம் உண்டுதான். ஆனால் கடைசியில் அவர்களைக் கொல்வது, ஜூலியட் உண்மையில் சாகவில்லை என்று ரோமியோவுக்குச் சொல்ல வேண்டிய, போய்ச் சேராத ஒரு கடிதம். அதைக் கொண்டு போக வேண்டிய துறவி ஜான், நோயாளிகளைப் பார்க்கப் போன இன்னொரு துறவியைத் துணைக்குத் தேடிப் போகிறார். அந்த வீட்டில் கொள்ளைநோய் இருக்குமோ என்று ஊர்க்காவலர்கள் கதவை அடைத்து முத்திரை வைத்துவிடுகிறார்கள். ஐந்தாம் அங்கம் இரண்டாம் காட்சி, மிகச் சிறியது. வகுப்பில் பெரும்பாலும் தாண்டிப் போய்விடுவார்கள். இது யாருடைய குணக்குறை?

தொடக்கத்துக்கும் வாருங்கள். முன்னுரைப் பாட்டு பதினான்கு வரி, ஒரு சானட். காதலர்கள் சாகப் போகிறார்கள் என்று அதிலேயே ஷேக்ஸ்பியர் சொல்லிவிடுகிறார். முடிவு தெரிந்துதான் நாம் நாடகத்துக்குள் நுழைகிறோம். பிறகு முதல் அங்கம் ஐந்தாம் காட்சியில் இருவரும் முதன்முதலாகப் பேசும் வரிகளை எண்ணிப் பாருங்கள், பதினான்கு வரும். அதுவும் சானட்தான், இரண்டு பேர் பங்கிட்டுக்கொண்டது. அவர்களுடைய முதல் முத்தத்துக்கும் மரணத்தை அறிவித்த பாட்டுக்கும் ஒரே வடிவம். சானட் என்றால் இத்தனை வரி, இன்ன எதுகை என்று வரையறை எழுதி மதிப்பெண் வாங்கலாம். இந்த இரண்டு சானட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தவர்களுக்குத்தான் அந்த வடிவம் அங்கே என்ன வேலை செய்கிறது என்று தெரியும்.

பிப்ரவரி 6

ஒரு வாசகி நல்ல இடத்தில் கை வைத்திருக்கிறார். "ஹாம்லெட்டே சொல்கிறானே, ஒரு மனிதனிடம் பிறவியிலேயே இருக்கும் ஒரு மறு அவனுடைய மற்ற நற்குணங்களையெல்லாம் கெடுத்துவிடும் என்று? அப்படியானால் ஷேக்ஸ்பியரே குறைக் கொள்கையை ஒப்புக்கொள்கிறார் அல்லவா?"

முதல் அங்கம் நான்காம் காட்சி. அந்தப் பேச்சு உண்மையில் இருக்கிறது, அழகான பேச்சும்கூட. லாரன்ஸ் ஒலிவியே 1948-இல் எடுத்த படம் அதிலிருந்துதான் தொடங்குகிறது. முடிவெடுக்க முடியாத ஒரு மனிதனின் துன்பியல் இது என்று படம் அங்கேயே அறிவித்தும் விடுகிறது. நம் பாடக்குறிப்புகளில் 'தயக்கம்' இவ்வளவு ஆழமாக வேர்விட்டதில் அந்தப் படத்துக்கும் பங்கு இருக்கும் என்று நினைக்கிறேன்.

ஆனால் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். அந்தப் பேச்சு 1604-05-இல் தனி நூலாக வந்த பதிப்பான இரண்டாம் குவார்ட்டோவில் இருக்கிறது. ஷேக்ஸ்பியர் நாடகங்களைத் தொகுத்து வெளியிட்ட 1623 ஃபோலியோவில் அந்த வரிகள் இல்லை. நாடகத்துக்கே சாவி அதுதான் என்றால், அதை எடுத்துவிட்ட பிறகும் ஃபோலியோ ஹாம்லெட் ஏன் நொண்டாமல் நடக்கிறது? இரண்டாவது, அவன் அதைப் பேசுவது தன்னைப் பற்றி அல்ல. மேலே அரண்மனையில் நடக்கும் குடிக் கொண்டாட்டத்தைப் பார்த்து, டென்மார்க்கின் பெயர் கெடுகிறது என்று வருந்தித் தொடங்கி, அங்கிருந்து பொதுவாகப் பேசுகிறான். இன்னும் அவன் ஆவியைச் சந்திக்கவே இல்லை. தயங்குவதற்கு அவனிடம் காரியமே இல்லாத நேரம் அது.

ஷேக்ஸ்பியரின் துன்பியல் நாடகங்களைப் பற்றி விமர்சகர் பிராட்லி எழுதிய 1904 புத்தகத்தைப் பற்றியும் கேட்டிருக்கிறார். குறைப் பட்டியலுக்குப் பழியை அவர்மேல் போடுவது வழக்கம். அவர் சொன்னது வேறு மாதிரி. தன்னை முழுவதுமாக ஒரே நோக்கத்தோடு, ஒரே உணர்ச்சியோடு இணைத்துக்கொள்ளும் போக்கு இந்த நாயகர்களுக்கு ஆபத்தாகிறது. அவர்களின் பெருமையும் அதில்தான் இருக்கிறது என்கிறார். குறை தனி, பெருமை தனி என்று பிரிக்கவில்லை. இதை ஒரு வரியாகச் சுருக்கி வந்த குறிப்புகள்தான் நம் கையில் இருப்பவை.

பிப்ரவரி 9

அணிகளுக்கு வருகிறேன். பட்டியலைக் கிழித்துப் போடச் சொல்லவில்லை. பெயர் தெரிய வேண்டும்தான். ஆனால் பெயரைச் சொன்னதோடு கேள்வி முடிந்துவிட்டதாக நினைக்கும் பழக்கம் நமக்குத் தமிழ் வகுப்பிலிருந்தே வருகிறது.

தற்குறிப்பேற்ற அணிக்கு எடுத்துக்காட்டு தருக என்றால் நம்மில் எல்லோருக்கும் ஒரே இடம்தான் வரும். கோவலனும் கண்ணகியும் மதுரையை நெருங்குகிறார்கள், மதில்மேல் கொடிகள் காற்றில் அசைகின்றன, 'வாரல்' என்று கைகாட்டி மறுப்பதுபோல இருக்கிறது என்கிறார் இளங்கோ. இயல்பாக நடப்பதன்மேல் கவிஞன் தன் குறிப்பை ஏற்றுகிறான், முழு மதிப்பெண். அந்தக் கொடிகள் ஏன் வராதே என்கின்றன? கோவலன் ஏன் அதைக் கவனிக்கவில்லை? படிக்கிற நமக்குத் தெரிந்தது அவனுக்குத் தெரியவில்லை. அவன் நடந்துகொண்டே இருக்கிறான். அந்த வரியின் வலி இதில் இருக்கிறது. என்னிடம் படித்தவர்களில் அணியின் பெயரைத் தவறவிட்டவர்கள் குறைவு. இந்தக் கேள்வியைத் தாங்களாகக் கேட்டவர்கள் அதைவிடக் குறைவு.

இப்போது மக்பெத்தின் கோட்டை வாசலுக்கு வாருங்கள். முதல் அங்கம் ஆறாம் காட்சி. டங்கன் வந்து நின்று, எவ்வளவு இதமான இடம், காற்றே இனிக்கிறது என்கிறான். பாங்கோ சுவரெங்கும் கூடு கட்டியிருக்கும் சின்னக் குருவிகளைக் காட்டி, இவை தங்குகிற இடத்தில் காற்று தூய்மையாக இருக்கும் என்கிறான். இதற்கு முந்தைய காட்சியில்தான் மக்பெத்தின் மனைவி அதே கோட்டையைப் பற்றி, டங்கனின் வருகையைக் கரைந்து அறிவிக்கும் காக்கைக்கே தொண்டை கட்டிவிட்டது என்று சொல்லியிருக்கிறாள். ஒரே சுவர், இரண்டு பறவைகள். நமக்குக் காக்கை தெரியும், வந்தவர்களுக்குக் குருவி மட்டுமே தெரிகிறது. அந்த இரண்டு பேருமே இந்த வீட்டுக்காரனால் சாகப் போகிறவர்கள்.

மதுரைக் கொடி வராதே என்றது. மக்பெத்தின் இன்வெர்னஸ் கோட்டை வா வா என்றது. இரண்டிலும் விருந்தாளி உள்ளே போய்விட்டான். பாத்திரத்துக்குத் தெரியாதது நமக்குத் தெரிவதுதான் டிரமாட்டிக் ஐரனி; அந்தப் பெயரை விடைத்தாளில் எழுதுங்கள், எழுதிவிட்டு இந்த இரண்டு பறவைகளையும் எழுதுங்கள். பிறகு படிமம், முன்னுணர்த்தல் என்று தனியாக ஒரு பத்தி தேவைப்படாது, எல்லாம் அங்கேயே இருக்கின்றன.

பிப்ரவரி 9, இன்னும் கொஞ்சம்

இதை எழுதியதும் நான்காம் காட்சியும் நினைவுக்கு வந்தது. தன்னைக் காட்டிக்கொடுத்த காடர் பிரபுவைப் பற்றி டங்கன் சொல்கிறான்: முகத்தைப் பார்த்து மனதைக் கண்டுபிடிக்கும் வித்தை எதுவும் கிடையாது, அவன்மேல் முழு நம்பிக்கை வைத்திருந்தேன். அந்த வரி முடியும்போது மேடைக்குறிப்பு: மக்பெத் வருகிறான். டங்கன் அவனை ஆசையோடு வரவேற்கிறான்.

ஒருமுறை வகுப்பில் இதை ஒரு மாணவி உரக்க வாசித்துக்கொண்டிருந்தாள். மேடைக்குறிப்பையும் சேர்த்து வாசித்துவிட்டு அப்படியே நிறுத்தினாள். "சார், இப்பத்தான் சொன்னாரு, அதுக்குள்ள மறந்துட்டாரே" என்றாள். எந்த அணியின் பெயரையும் அவள் சொல்லவில்லை. அந்தக் காட்சியைப் பற்றி அதைவிடச் சரியாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. மேடைக்குறிப்புகளைத் தவிர்த்து வாசிப்பவர்களுக்கு இது ஒரு வேண்டுகோள்: சாய்வெழுத்தில் இருப்பதையும் வாசியுங்கள்.

பிப்ரவரி 10

"மக்பெத்தில் வாயிற்காப்போன் காட்சி நகைச்சுவை, இறுக்கத்தைத் தளர்த்த வைத்தது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பாதி சரி. சிரிப்பும் வருகிறது, அவன் குடித்துவிட்டுப் பேசும் பேச்சு அப்படி. ஆனால் அவன் தன்னை எந்த வாசலின் காவலனாக நடிக்கிறான் என்று பாருங்கள், நரகத்தின் வாசல். டங்கன் கொலையான வீட்டின் கதவை அப்படித்தான் அழைக்கிறான், தெரியாமலே.

ஆங்கிலக் கட்டுரையாளர் டி குவின்சி 1823-இல் எழுதிய சிறு கட்டுரை, கொலை முடிந்ததும் கோட்டை வாசலில் கேட்கும் கதவுத் தட்டலைப் பற்றியது மட்டும்தான். கொலை நேரத்தில் சாதாரண உலகம் நின்றுபோயிருந்தது. தட்டல் கேட்கும்போது அது மறுபடி இயங்கத் தொடங்குகிறது. நின்றுபோயிருந்தது என்பதே அப்போதுதான் நமக்கு உறைக்கிறது என்கிறார். சிறு வயதிலிருந்தே அந்தத் தட்டல் தன்னை ஏன் உலுக்கியது என்று புரியாமல் இருந்ததாகச் சொல்லித்தான் கட்டுரையைத் தொடங்குகிறார். ஒரு ஒலி தன்னை ஏன் பாதித்தது என்று பல வருடம் கேட்டுக்கொண்டிருந்த மனிதர் அவர். எனக்கு இலக்கிய விமர்சனம் என்றால் இதுதான்.

பிப்ரவரி 12

நாவல்கள். இங்கே குறியீட்டுப் பட்டியல் செய்யும் சேதம் இன்னும் அதிகம். 'பச்சை விளக்கு = கனவு' என்று எழுதிவிட்டு ஃபிட்ஜெரால்டின் 'தி கிரேட் கேட்ஸ்பி' நாவலை மூடிவிடுகிறார்கள்.

1925-இல் வந்த நாவல் அது. முதல் அத்தியாய முடிவில் கேட்ஸ்பி இருட்டில் கை நீட்டி நிற்கிறான், எதிர்க்கரையில் அந்த விளக்கு. சரி. ஐந்தாம் அத்தியாயத்துக்குப் போங்கள். அவன் காதலிக்கும் டெய்ஸி பக்கத்தில் நிற்கிறாள். அவன் அந்த விளக்கை அவளுக்கே காட்டுகிறான். அந்த நொடியில் அதன் மகத்துவம் போய்விட்டிருக்கலாம், அது மறுபடி வெறும் விளக்காகிவிட்டது, அவனுடைய மந்திரப் பொருள்களில் ஒன்று குறைந்தது என்கிறான் கதைசொல்லி நிக். குறியீடு நாவலின் நடுவிலேயே அணைந்துவிடுகிறது. அப்புறமும் அவன் அதை நம்பிக்கொண்டே போகிறான். சமன்குறி போட்டு எழுதுகிறவர்களுக்கு இந்த ஐந்தாம் அத்தியாயம் இல்லாததுபோலவே ஆகிவிடுகிறது.

நிக்கையும் கொஞ்சம் விசாரியுங்கள். யாரையும் தீர்ப்பிடாமல் இருப்பவன் என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொள்கிறான், பிறகு புத்தகம் முழுக்கத் தீர்ப்புச் சொல்கிறான். எனக்குத் தெரிந்த நேர்மையான சிலரில் நானும் ஒருவன் என்றும் சொல்லிக்கொள்கிறான். 'உதரிங் ஹைட்ஸ்' படித்தவர்களுக்கு இது பழகியிருக்கும். பணிப்பெண் நெல்லி சொல்ல, குடிவந்த லாக்வுட் எழுதியது அந்தக் கதை. நெல்லி வெறும் சாட்சி அல்ல, பல இடங்களில் கதையையே திருப்பிவிட்டவள்.

ஸ்டெயின்பெக்கின் 1937 குறுநாவலான 'ஆஃப் மைஸ் அண்ட் மென்'னில் முன்னுணர்த்தல் எங்கே என்று கேட்டால் எல்லோரும் கிழவன் கேண்டியின் நாயைச் சொல்கிறார்கள், சரியான விடை. ஆனால் விடையின் மற்ற பாதி கேண்டி பிறகு ஜார்ஜிடம் சொல்வதில் இருக்கிறது: என் நாயை நானே சுட்டிருக்க வேண்டும், வேற்று ஆள் சுட விட்டிருக்கக் கூடாது. அந்த வரியைக் கேட்ட ஜார்ஜ்தான் கடைசியில் தன் நண்பன் லெனியைத் தன் கையாலேயே சுடுகிறான். நாயைச் சுட்ட அதே கார்ல்சனின் துப்பாக்கி. முன்னுணர்த்தல் வாசகனுக்கு மட்டுமான ஜாடை அல்ல, ஜார்ஜும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

பிப்ரவரி 13

ஐந்தாம் தேதிக் குறிப்பைத் திரும்பப் படித்தேன். கடிதம் போய்ச் சேராதது முழுத் தற்செயல் என்பதுபோல ஒரு தொனி அதில் இருக்கிறது. அதை இன்னும் கொஞ்சம் கூர்மையாக்க வேண்டும். ஹார்டியின் 'டெஸ்' (1891) அதற்கு உதவும்.

அங்கேயும் ஒரு கடிதம். கல்யாணத்துக்கு முன்பு டெஸ் தன் பழைய கதையையெல்லாம் எழுதி, தன்னை மணக்கப் போகும் ஏஞ்சலின் கதவுக்கு அடியில் தள்ளிவிடுகிறாள். அது கதவோடு சேர்த்து உள்ளே இருந்த விரிப்புக்கும் அடியில் போய்விடுகிறது. அவன் பார்க்கவே இல்லை. இது தற்செயல்தான். ஆனால் அவள் அதைக் கண்டெடுத்த பிறகு? வாயால் சொல்ல முயல்கிறாள். குற்றங்களை அப்புறம் பேசிக்கொள்ளலாம், இன்று வேண்டாம் என்று அவன் தள்ளிப்போடுகிறான். அவனுக்கு அவளைப் பற்றித் தான் கட்டி வைத்திருக்கும் படம்தான் வேண்டும். விரிப்பு இல்லாவிட்டாலும் அந்தக் கடிதம் அவனைச் சேர்ந்திருக்குமா என்று கேட்க வைக்கிறார் ஹார்டி.

ரோமியோ கதையிலும் அப்படித்தான். கதவை அடைத்தது கொள்ளைநோய். ஆனால் ஒரு கல்யாணத்தை வெளியே சொல்ல முடியாமல், ஒரே ஒரு கடிதத்தில் இரண்டு உயிர்களைத் தொங்கவிடும் நிலைமையை உண்டாக்கியது இரண்டு குடும்பங்களின் பகை. ஆகவே தற்செயலா குணமா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் கேள்வியையே நான் ஏற்க மாட்டேன். தற்செயல் விழுகிற இடத்தை யார் தயார் செய்து வைத்தார்கள் என்பதுதான் கேள்வி.

டெஸ்ஸுக்கு ஐந்து வருடம் முன்பு, 1886-இல், 'காஸ்டர்பிரிட்ஜ் மேயர்' நாவலில் அதே ஹார்டி 'குணமே விதி' என்ற நோவாலிஸ் கூற்றை எடுத்தாள்கிறார். குடிபோதையில் சந்தையில் மனைவியை ஐந்து கினிக்கு விற்கிற ஹெஞ்சர்டுக்கு அது பொருந்துகிறது. டெஸ்ஸுக்கு அதை அப்படியே ஒட்ட முடியாது. ஒரே எழுத்தாளர், இரண்டு நாவல், இரண்டு விதமான வீழ்ச்சி. ஒப்பீட்டுக் கட்டுரைக்குத் தலைப்புத் தேடுகிறவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

பிப்ரவரி 16

லியரைப் பற்றி எழுத இத்தனை நாள் தள்ளிப்போட்டேன். எனக்கு மிக நெருக்கமான நாடகம், வகுப்பில் நடத்தக் கடினமானதும் இதுவே.

'லியரின் அகந்தை' என்று எழுதுங்கள், மறுக்கவில்லை. முதல் காட்சிக்கு அது சரியாகவே இருக்கிறது. ஆனால் கடைசிக் காட்சிக்கு அந்தச் சொல்லைக் கொண்டு போக முயன்று பாருங்கள். அகந்தை எல்லாம் போய்விட்டது. புயலில் நனைந்தான், ஏழைகளைப் பற்றி இதுவரை கவலைப்படாமல் இருந்தேனே என்றான், தான் விரட்டிய மகள் கார்டீலியாவிடம் மன்னிப்புக் கேட்டான். குறை திருந்திவிட்டது. துன்பம் நிற்கவில்லை. கார்டீலியாவைக் கொல்லக் கொடுத்த உத்தரவை வில்லன் எட்மண்ட் சாகும் நேரத்தில், ஒரு நல்லதாவது செய்துவிட்டுப் போகிறேன் என்று திரும்பப் பெறுகிறான். ஆள் ஓடுகிறான். 'தெய்வங்கள் அவளைக் காக்கட்டும்' என்கிறான் ஆல்பனி. அந்தச் சொல்லின் ஈரம் காயுமுன் லியர் அவள் உடலை ஏந்திக்கொண்டு உள்ளே வருகிறான்.

இதைத் தாங்க முடியாமல் நாஹம் டேட் 1681-இல் நாடகத்தையே மாற்றி எழுதினார். அவருடைய கதையில் கார்டீலியா சாகவில்லை, எட்கரை மணக்கிறாள், லியர் அரியணை ஏறுகிறார். கோமாளி பாத்திரமே கிடையாது. ஒன்றரை நூற்றாண்டுக்கு மேடையில் ஓடியது இந்த வடிவம்தான். 1838-இல் நடிகர் மக்ரெடிதான் கோமாளியையும் பழைய முடிவையும் சேர்த்து மேடைக்குக் கொண்டுவந்தார். சாமுவேல் ஜான்சன் எழுதியிருக்கிறார், கார்டீலியாவின் சாவு தன்னை அவ்வளவு அதிரவைத்ததால், பதிப்பாசிரியராகத் திருத்த வேண்டி வரும்வரை கடைசிக் காட்சிகளை மறுபடி வாசிக்கும் தைரியம் வரவில்லை என்று. அகராதி எழுதிய மனிதர் புத்தகத்தை மூடி வைத்திருக்கிறார். கட்டுரையில் 'இரக்கமும் அச்சமும்' என்று நாம் எழுதுவது இப்படி நடப்பதைத்தான்.

அப்புறம் யாப்பு. 1623 பதிப்பில் லியர் இறந்த மகளைப் பார்த்து ஒரே சொல்லை ஐந்து முறை சொல்கிறான்: நெவர், நெவர், நெவர், நெவர், நெவர். ஐயாம்பிக் பென்டாமீட்டர் என்றால் ஐந்து சீர், மெல்ல எழுந்து அழுந்தும் நடை. இந்த வரியிலும் ஐந்து சீர் இருக்கின்றன, ஒவ்வொன்றும் தலைகீழாக, அழுந்தித் தொடங்கித் தளர்ந்து விழுகிறது. நாடகம் முழுக்க ஓடிய நடை இங்கே கவிழ்ந்துவிட்டது. உரக்கச் சொல்லிப் பாருங்கள். மீட்டர் பாடத்தை நான் இப்போதெல்லாம் இந்த வரியிலிருந்துதான் தொடங்குகிறேன்.

பிப்ரவரி 17

"உண்மை தெரிய வரும் தருணத்துக்கு நம் இலக்கியத்தில் எது ஈடு?" என்ற கேள்விக்கு எனக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. கண்ணகி சிலம்பை உடைக்கிறாள், மாணிக்கம் தெறிக்கிறது, அரசியின் சிலம்பில் இருந்தது முத்து. பாண்டியன் சொல்கிறான்: 'யானோ அரசன் யானே கள்வன்.' நாலு சொல். தன்னைப் பற்றி நினைத்திருந்தது முழுக்கக் கவிழ்ந்து, அந்த இடத்திலேயே உயிரும் போகிறது. ஈடிபஸ் தேடிய குற்றவாளி ஈடிபஸ்தான், பாண்டியன் தண்டித்த திருட்டின் கள்வன் பாண்டியன்தான். இரண்டிலும் நீதிபதியே குற்றவாளியாகிறான். இரண்டு இடத்திலும் அதை அறிவிப்பவனும் அவனேதான்.

பிப்ரவரி 18

சொல்ல விட்டுப்போனது. சோபக்ளிஸின் 'ஆண்டிகனி' நாடகத்தில் யார் துன்பியல் நாயகர் என்று சண்டை நடக்கிறது. எனக்கு, அண்ணனைப் புதைக்க முயன்ற ஆண்டிகனியைக் குகையில் அடைத்த அரசன் கிரேயன்தான். மனம் மாறியதும் அவனிடம் முதியோர் சொல்வது, முதலில் பெண்ணை விடுவி, பிறகு பிணத்தைப் புதை. அவன் முதலில் பிணத்தைக் கழுவி, எரித்து, மேடு எழுப்பிவிட்டுக் குகைக்குப் போகிறான். அதற்குள் அவள் தூக்கிட்டுக்கொண்டாள். திருந்திய பிறகும் வரிசை மாறிவிட்டது. லியர் குறிப்போடு சேர்த்து வாசியுங்கள்.

பிப்ரவரி 21

முதலில் கேட்ட வாசகரே மறுபடி வந்திருக்கிறார். "எல்லாம் சரி, தேர்வு பக்கத்தில் இருக்கிறது. இருக்கிற நேரத்தில் என்ன செய்வது?" நியாயமான கேள்வி.

புத்தகம் முழுவதையும் திரும்பப் படிக்க நேரம் இருக்காது. ஒவ்வொரு நாடகத்திலும் ஒருவன் வேறு பக்கம் திரும்பியிருக்கக்கூடிய இடங்களை மட்டும் எடுங்கள். மக்பெத்தில் முதல் அங்கம் ஏழு. ஒதெல்லோவில் மூன்றாம் அங்கம் மூன்று, அது நீளமான காட்சி, நாடகமே அங்கேதான் திரும்புகிறது. ரோமியோவில் மெர்குஷியோ சாகும் காட்சி. அதுவரை இது காதல் நகைச்சுவையாகவே முடிந்திருக்கலாம். அந்தக் காட்சியை உரக்க வாசியுங்கள். யாருக்கு என்ன தெரியும், யாருக்குத் தெரியாது என்று ஓரத்தில் குறியுங்கள். பிறகு உங்கள் அணிப் பட்டியலை எடுத்து, அந்தப் பக்கத்தில் எது வேலை செய்கிறது என்று பாருங்கள். எது வேலை செய்யவில்லையோ அதை எழுதாதீர்கள்.

விடை எழுதும்போது 'ஷேக்ஸ்பியர் உருவகத்தைப் பயன்படுத்துகிறார்' என்று வாக்கியம் தொடங்கினால் அடுத்து எங்கும் போக முடியாது. லேடி மக்பெத் இரண்டாம் அங்கத்தில் கொஞ்சம் தண்ணீர் இந்தக் காரியத்தைக் கழுவிவிடும் என்றாள், ஐந்தாம் அங்கத்தில் தூக்கத்தில் நடந்தபடி அரேபியாவின் வாசனைத் திரவியம் எல்லாம் சேர்ந்தாலும் இந்தச் சின்னக் கையை மணக்கச் செய்யாது என்கிறாள் என்று தொடங்குங்கள். தூக்கத்தில் பேசும்போது அவள் வரிகள் செய்யுளாக இல்லை, உரைநடையாகிவிட்டன என்பதையும் சேருங்கள். இனி உருவகம், முரண், நடை எல்லாவற்றுக்கும் உங்களிடம் பொருள் இருக்கிறது.

பிப்ரவரி 22

அச்செபேயின் 1958 நாவலான 'திங்ஸ் ஃபால் அபார்ட்'டின் நாயகன் ஒக்கோன்க்வோவைப் பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார், அதற்குக் குறைப் பட்டியல் பொருந்துமா என்று. மற்ற எதையும்விட இதற்கு நன்றாகவே பொருந்துவதுபோலத் தெரியும். பலவீனமானவன் என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயத்தில்தான் அப்பா என்று அழைத்த பையனை வெட்டுகிறான், ஆசிரியரே அதைச் சொல்கிறார். ஆனால் அவனை ஏழு வருடம் ஊரை விட்டு அனுப்பியது அந்தக் கொலை அல்ல. ஒரு சாவுச் சடங்கில் அவன் துப்பாக்கி தானாக வெடித்து, இறந்தவரின் பதினாறு வயது மகன் சாகிறான். இறந்த அந்தப் பெரியவர் எசியூடுதான் முன்பு, அந்தப் பையன் சாவில் கை வைக்காதே என்று அவனை எச்சரித்தவர். தெரிந்து செய்ததற்குத் தண்டனை இல்லை, தெரியாமல் நடந்ததற்குத் தண்டனை. இந்த வரிசையைக் கட்டுரையின் நடுவில் வையுங்கள். கூடவே கடைசிப் பக்கத்தையும் பாருங்கள்: இந்த மனிதனின் முழுக் கதையையும் மாவட்ட ஆணையர் தன் புத்தகத்தில் ஒரு பத்திக்குள் அடக்கிவிடலாம் என்று திட்டமிடுகிறார்.